ஹரால்ட் எவன்ஸ்: இதழாசிரியப் பணி குறித்த ஒரு மதிப்பீடு

ஹரால்ட் எவன்ஸ் (ஜூன் 28, 1928 – செப்டம்பர் 23, 2020) பிரிட்டனைச் சேர்ந்த பத்திரிகை ஆசிரியர், நூலாசிரியர், பதிப்பாளர். லண்டனிலிருந்து வெளிவரும் ‘சண்டே டைம்ஸ்’ ஞாயிறு செய்தித்தாளுக்கு 1967 முதல் 1981 வரை ஆசிரியராக இருந்தார். தாலிடோமைட் மருந்தால் ஊனத்துடன் பிறந்த குழந்தைகளுக்காக அந்தச் செய்தித்தாள் நடத்திய போராட்டத்தால் உலகெங்கும் அறியப்பட்டார். 2002ல் பிரிட்டிஷ் பத்திரிகையாளர்களிடையே நடந்த வாக்கெடுப்பில் எக்காலத்துக்கும் சிறந்த பத்திரிகை ஆசிரியராகத் தேர்வு செய்யப்பட்டார். 2004ல் சர் பட்டம் பெற்றார்.

எவன்ஸைப் பற்றிய புகழுரைகள் பெரும்பாலும் அவருடைய துணிச்சலைப் பேசுகின்றன. துணிச்சல் இருந்தது உண்மைதான். ஆனால் சண்டே டைம்ஸில் 14 ஆண்டுகள் வென்ற அதே மனிதர், ‘தி டைம்ஸ்’ நாளிதழில் ஓராண்டு மட்டுமே தாக்குப்பிடித்தார். இடையில் அவருடைய திறமையோ துணிச்சலோ குறைந்துவிடவில்லை. உரிமையாளர் மாறினார். ஒரு பத்திரிகை ஆசிரியரின் சுதந்திரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு எவன்ஸின் வாழ்க்கை தரும் விடை, அவரே எழுதிய நூல்கள் தரும் விடையைவிடச் சற்றுக் கசப்பானது.

இளமை

எவன்ஸ் லங்காஷயர் பகுதியில் எக்கில்ஸ் நகரின் பேட்ரிகிராஃப்ட்டில் பிறந்தார். தந்தை ரயில் எஞ்சின் ஓட்டுநர். தாய் வீட்டின் முன்னறையில் ஒரு சிறு கடை நடத்தினார். பதினோரு வயதில் எழுதும் தேர்வில் தேறாததால் பெயர்பெற்ற இலக்கணப் பள்ளிகளில் எவன்ஸுக்கு இடம் கிடைக்கவில்லை. சுருக்கெழுத்து கற்று, 16 வயதில் ஆஷ்டன்-அண்டர்-லைன் என்ற ஊரின் வார இதழில் செய்தியாளராகச் சேர்ந்தார். விமானப்படையில் கட்டாயப் பணியை முடித்த பிறகே டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் படித்து 1952ல் பட்டம் பெற்றார்.

தன் பத்திரிகை வாழ்க்கையின் தொடக்கமாக எவன்ஸ் சொல்வது 1940 கோடையில் நடந்த ஒரு நிகழ்வு. குடும்பத்துடன் வேல்ஸில் உள்ள ரில் கடற்கரைக்குச் சென்றிருந்தபோது, டன்கர்க்கிலிருந்து மீட்டு வரப்பட்ட படைவீரர்கள் மணலில் படுத்துக் கிடந்தார்கள். எவன்ஸின் தந்தை அவர்களிடம் போய்ப் பேசினார். அவர்கள் களைத்திருந்தார்கள், மனம் உடைந்திருந்தார்கள். ஆனால் செய்தித்தாள்கள், வீரர்கள் மீண்டும் போருக்குச் செல்லத் துடிப்பதாக எழுதிக்கொண்டிருந்தன. கண்ணால் கண்டதற்கும் அச்சில் வந்ததற்கும் இருந்த தூரம் பன்னிரண்டு வயது நிரம்பும் தறுவாயில் இருந்த சிறுவனுக்குப் புரிந்தது. 2009ல் வெளிவந்த ‘மை பேப்பர் சேஸ்’ என்ற தன்வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். தன்வரலாறுகளில் வரும் இத்தகைய தொடக்கக் காட்சிகளைச் சற்று ஐயத்துடன்தான் படிக்க வேண்டும். ஆனாலும் எவன்ஸின் பிற்காலப் பணியில் ஒரு பழக்கம் மாறாமல் இருந்தது. அதிகாரப்பூர்வ அறிக்கை ஒன்று கையில் கிடைத்தால், அதில் தொடர்புடைய மனிதரைத் தேடிப் போய்க் கேட்க ஆள் அனுப்புவார்.

டார்லிங்டன்

‘மான்செஸ்டர் ஈவினிங் நியூஸ்’ நாளிதழில் துணை ஆசிரியராகப் பணியாற்றிய எவன்ஸ், பிறர் எழுதியதைச் சுருக்கித் திருத்தித் தலைப்பிடும் மேசைவேலையை அங்கேதான் கற்றார். 1956–57ல் ஹார்க்னஸ் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று வந்தார். பன்னாட்டுப் பத்திரிகை நிறுவனத்தின் சார்பில் இந்தியா வந்து, இங்குள்ள செய்தித்தாள்களின் ஆசிரியர் குழுக்களுக்குப் பயிற்சி அளித்ததும் அதற்கடுத்த சில ஆண்டுகளில்தான்.

1961ல் டார்லிங்டன் நகரின் ‘நார்தர்ன் எக்கோ’ நாளிதழுக்கு ஆசிரியரானார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டபிள்யூ. டி. ஸ்டெட் ஆசிரியராக இருந்து புகழ் சேர்த்த நாளிதழ் அது. எவன்ஸ் வந்தபோது அது ஒரு வட்டாரப் பத்திரிகையாகச் சுருங்கியிருந்தது. கனடாவின் வான்கூவர் பகுதியில் கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனை நடப்பதைப் பற்றிய சிறிய செய்தி ஒன்று அவர் கண்ணில் பட்டது. பிரிட்டனில் ஏன் அது இல்லை என்று கேட்டு செய்தியாளர் ஒருவரை அனுப்பினார். ஒரு கட்டுரையோடு நிறுத்தவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பிரதிகள் அனுப்பினார். அமைச்சர்கள் தந்த பதில்களை அச்சிட்டு, அவற்றிலிருந்து அடுத்த கேள்வியை எடுத்தார். நாடு தழுவிய பரிசோதனைத் திட்டம் உருவானதில் இந்தத் தொடருக்குப் பங்கு உண்டு.

திமோதி எவன்ஸ் விவகாரமும் அதே முறையில் நடந்தது. (இருவருக்கும் பெயரில்தான் ஒற்றுமை, உறவில்லை.) லண்டனில் தன் கைக்குழந்தையைக் கொன்றதாக 1950ல் தூக்கிலிடப்பட்டவர் திமோதி. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன, அதே வீட்டில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி பல பெண்களைக் கொன்றவன் என்று 1953ல் தெரியவந்தது. அதன் பிறகும் அரசு தன் தவறை ஒப்புக்கொள்ள மறுத்தது. லூடோவிக் கென்னடி இதைப் பற்றி 1961ல் நூல் எழுதினார். நார்தர்ன் எக்கோ தொடர்ந்து எழுதியது. 1966 அக்டோபரில் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. லண்டன் நிகழ்வு ஒன்றை டார்லிங்டன் நாளிதழ் ஏன் சுமக்க வேண்டும் என்று அவருடைய வாசகர்கள் சிலர் அலுத்துக்கொண்டிருப்பார்கள். எவன்ஸின் முறைக்கு ஒரு விலை உண்டு: வாசகர் சலித்த பிறகும் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். ஆசிரியர் தானே சலிக்கும் கட்டத்தில்தான் பொதுமக்கள் முதன்முதலாகக் கவனிக்கத் தொடங்குகிறார்கள் என்பது அவருடைய கணக்கு.

தாலிடோமைட்

1966ல் சண்டே டைம்ஸில் அப்போதைய ஆசிரியர் டெனிஸ் ஹாமில்டனின் தலைமை உதவியாளராகச் சேர்ந்த எவன்ஸ், அடுத்த ஆண்டே ஆசிரியர் ஆனார். ‘இன்சைட்’ என்ற புலனாய்வுக் குழு அவர் உருவாக்கியதல்ல. 1963 முதலே அது இருந்தது. ஆனால் ஒரு செய்திக்கு மாதக்கணக்கில் பலர் உழைக்கலாம் என்ற அனுமதியையும் அதற்கான பக்கங்களையும் எவன்ஸ் தாராளமாகக் கொடுத்தார். சோவியத் உளவாளி கிம் ஃபில்பி பற்றி 1967ல் வெளியான தொடர், 1974ல் பாரிஸ் அருகே 346 பேர் இறந்த டிசி-10 விமான விபத்தின் காரணங்கள், அமைச்சராக இருந்த ரிச்சர்ட் கிராஸ்மனின் நாட்குறிப்பு என வரிசை நீளமானது. எனினும் எவன்ஸை மதிப்பிட விரும்புபவர் தாலிடோமைட் விவகாரத்தில்தான் நிற்க வேண்டும்.

ஜெர்மனியின் கிரூனந்தால் நிறுவனம் கண்டுபிடித்த இந்த மருந்தை, பிரிட்டனில் 1958 முதல் விற்றது டிஸ்டில்லர்ஸ் என்ற நிறுவனம். விஸ்கி தயாரிப்பில் பெரும் பணம் பார்த்த நிறுவனம் அது. கருவுற்ற பெண்களின் குமட்டலுக்கும் தூக்கமின்மைக்கும் பாதுகாப்பானது என்று சொல்லி மருந்து விற்கப்பட்டது. 1961 இறுதியில் திரும்பப் பெறப்படுவதற்குள் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் கை, கால் வளர்ச்சி குன்றிப் பிறந்தார்கள். பெற்றோர்கள் 1962ல் வழக்குத் தொடுத்தார்கள். 1968ல் 62 குழந்தைகளுக்கு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வழக்கில் முழுமையாக வென்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையில் 40 விழுக்காடு மட்டுமே தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. மற்ற குடும்பங்களின் வழக்குகள் இழுத்துக்கொண்டே சென்றன.

இங்குதான் பிரிட்டிஷ் சட்டம் குறுக்கே நின்றது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி, அதன் முடிவைப் பாதிக்கும் வகையில் எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு. வழக்கு பத்தாண்டு நிலுவையில் இருந்தால் பத்தாண்டும் வாய் திறக்கக்கூடாது. டிஸ்டில்லர்ஸின் உள் ஆவணங்களை சண்டே டைம்ஸ் 1968லேயே பணம் கொடுத்துப் பெற்றிருந்தது. பெற்றோர் தரப்புக்கு உதவிய நிபுணர் ஒருவரிடமிருந்து அவை வந்தன. அவற்றை அச்சிட முடியவில்லை.

வழியைக் காட்டியவர் நிறுவனத்தின் சட்ட ஆலோசகர் ஜேம்ஸ் எவன்ஸ். (இவரும் ஆசிரியருக்கு உறவல்ல.) மருந்தைச் சோதிப்பதில் டிஸ்டில்லர்ஸ் கவனக்குறைவாக இருந்ததா என்பது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய சட்டக் கேள்வி. ஆனால் கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பணக்கார நிறுவனம் ஒன்று இந்தக் குழந்தைகளுக்கு இவ்வளவு குறைவாகக் கொடுப்பது அறமா என்பது எந்த நீதிமன்றத்திலும் நிலுவையில் இல்லாத கேள்வி. 1972 செப்டம்பர் 24 அன்று வெளியான முதல் கட்டுரை இந்த இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்டது. நிறுவனத்தின் லாபத்தையும் அது தர முன்வந்த தொகையையும் அருகருகே வைத்தது. மருந்து எப்படிச் சந்தைக்கு வந்தது என்பதைப் பின்னர் எழுதுவோம் என்றும் ஒரு வரியில் அறிவித்தது.

அந்த அறிவிப்பே போதுமானதாக இருந்தது. அட்டர்னி ஜெனரல் நீதிமன்றம் சென்றார். 1972 நவம்பர் 17 அன்று இரண்டாவது கட்டுரைக்குத் தடையாணை பிறப்பிக்கப்பட்டது. ஆனால் அறக் கேள்வியை யாரும் தடுக்க முடியவில்லை. ஜாக் ஆஷ்லி என்ற தொழிற்கட்சி உறுப்பினர் அதே மாதம் 29ஆம் தேதி நாடாளுமன்றத்தில் விவாதத்தைக் கொண்டுவந்தார். டிஸ்டில்லர்ஸின் பங்குதாரர்கள், அவர்களில் பெரிய காப்பீட்டு நிறுவனங்கள், தங்கள் நிறுவனத்தையே கேள்வி கேட்டார்கள். 32.5 லட்சம் பவுண்டு என்று நின்றிருந்த தொகை சில வாரங்களில் 2 கோடி பவுண்டு வரை ஏறியது. தடையாணையை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. 1973 ஜூலையில் பிரபுக்கள் சபை மீண்டும் விதித்தது. எவன்ஸும் அவருடைய சகாக்களும் ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1976 ஜூனில் தடை விலக்கப்பட்டு கட்டுரை வெளியானது. 1979 ஏப்ரல் 26 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நீதிபதிகள் 11க்கு 9 என்ற கணக்கில், தடை விதித்தது கருத்துச் சுதந்திர மீறல் என்று தீர்ப்பளித்தார்கள். பிரிட்டன் தன் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தை 1981ல் திருத்தி எழுதியதற்கு இத்தீர்ப்பு முக்கிய காரணம்.

இந்த வெற்றி பெரியது. ஆனால் அதன் நடுவே நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. ஆவணங்கள் 1968ல் கிடைத்தன. முதல் கட்டுரை 1972ல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் குழந்தைகள் பள்ளி செல்லும் வயதைக் கடந்து வளர்ந்துகொண்டிருந்தார்கள். அறக் கேள்வியைக் கேட்க ஆவணங்கள் தேவையே இல்லை. நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் ஒரு குடும்பத்தின் மாதச் செலவுக் கணக்கும் போதும். 1972ல் செய்ததை 1968லும் செய்திருக்கலாம். குழுவில் இருந்த ஃபிலிப் நைட்லி பின்னர் தன் நினைவுக் குறிப்பில், ஏன் இவ்வளவு தாமதம் என்று தன்னையும் தன் பத்திரிகையையும் கேட்டுக்கொண்டார். புலனாய்வு இதழியலில் ரகசிய ஆவணத்தின் மீது இருக்கும் மோகம், எல்லோருக்கும் தெரிந்த அநியாயத்தைப் பார்க்கவிடாமல் செய்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. எவன்ஸின் பெருமை, அந்த மோகத்திலிருந்து தாமதமாகவாவது வெளியே வந்தது.

அச்சேறாத கட்டுரை

1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் பிரிட்டிஷ் படையினர் ஊர்வலத்தில் வந்தவர்களைச் சுட்டார்கள். அன்று 13 பேர் இறந்தனர். சண்டே டைம்ஸின் முர்ரே செயில் உடனே அங்கு சென்று, படையினர் திட்டமிட்டே சுட்டனர் என்று கூறும் கட்டுரையை அனுப்பினார். எவன்ஸ் அதை வெளியிடவில்லை. சான்றுகள் போதவில்லை என்ற ஐயமும், லார்ட் விட்ஜரியின் அரசு விசாரணை நடக்கையில் எழுதினால் அவமதிப்பு ஆகும் என்ற எச்சரிக்கையும் காரணங்கள். செயில் பத்திரிகையிலிருந்து விலகினார். விட்ஜரியின் அறிக்கை வெளியான பிறகு, ஏப்ரலில், இன்சைட் குழுவின் நீண்ட கட்டுரை வந்தது.

இதைக் கோழைத்தனம் என்று சொல்வது எளிது; நியாயமல்ல. செயிலின் முடிவை மற்ற செய்தியாளர்கள் திரட்டிய தகவல்கள் முழுமையாக ஆதரிக்கவில்லை. ஆயினும் அதே ஆண்டின் செப்டம்பரில் அவமதிப்புச் சட்டத்தைச் சுற்றிச் செல்ல வழி தேடிய ஆசிரியர், பிப்ரவரியில் அப்படி ஒரு வழியைத் தேடவில்லை. ஒரு மருந்து நிறுவனத்தோடு மோதுவதும் சொந்த நாட்டுப் படையோடு மோதுவதும் ஒரே எடையுள்ளவை அல்ல.

உரிமையாளர்கள்

சண்டே டைம்ஸின் உரிமையாளர் ராய் தாம்சன் கனடாக்காரர். பத்திரிகையைப் பணம் ஈட்டும் தொழிலாகவே பார்த்தவர். ஆசிரியரின் வேலையில் தலையிடமாட்டேன் என்ற உறுதிமொழி அச்சிட்ட அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்து, சலுகை கேட்டு வருபவர்களிடம் எடுத்துக் காட்டுவாராம். டிஸ்டில்லர்ஸ் சண்டே டைம்ஸின் பெரிய விளம்பரதாரர்களில் ஒன்று. போராட்டம் தொடங்கியதும் அந்த வருவாய் போயிற்று. எவன்ஸை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. வழக்குச் செலவையும் நிறுவனமே ஏற்றது. எவன்ஸின் 14 ஆண்டுச் சாதனையில் பாதி தாம்சனுடையது என்று சொன்னால் மிகையாகாது. கொள்கைக்காக அவர் அப்படி இருந்தார் என்பதைவிட, தலையிடாமல் இருப்பதே நல்ல வணிகம் என்று அவர் நம்பினார் என்பது உண்மைக்கு அருகில் இருக்கும்.

தாம்சன் 1976ல் இறந்தார். புதிய அச்சுத் தொழில்நுட்பம் தொடர்பாகத் தொழிற்சங்கங்களோடு ஏற்பட்ட மோதலில் டைம்ஸும் சண்டே டைம்ஸும் 1978 டிசம்பர் முதல் 1979 நவம்பர் வரை ஏறத்தாழ ஓராண்டு வெளிவரவில்லை. மகன் கென்னத் தாம்சன் 1980ல் இரண்டையும் விற்க முடிவு செய்தார். வாங்க வந்தவர் ரூப்பர்ட் மர்டாக். ‘சன்’, ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ ஆகியவற்றை ஏற்கனவே வைத்திருந்ததால், சட்டப்படி இந்த விற்பனை ஏகபோக ஆணையத்தின் ஆய்வுக்குப் போயிருக்க வேண்டும். வர்த்தக அமைச்சர் ஜான் பிஃபென் அனுப்ப மறுத்தார். மாற்றாக, ஆசிரியரின் சுதந்திரத்தைக் காக்கும் எழுத்துப்பூர்வ உறுதிமொழிகளும் தனி இயக்குநர்களும் ஏற்பாடாயின.

சண்டே டைம்ஸ் பத்திரிகையாளர்கள் சிலர் அமைச்சரின் முடிவை எதிர்த்து நீதிமன்றம் செல்ல எண்ணினர். பின்னர் அது கைவிடப்பட்டது. எவன்ஸ் அதற்குத் தலைமை தாங்கவில்லை. மர்டாக் அவருக்கு டைம்ஸ் ஆசிரியர் பதவியைத் தர முன்வந்தார், ஏற்றுக்கொண்டார். தன் ஆசை தன் நிதானத்தை வென்றுவிட்டதாக எவன்ஸ் பின்னாளில் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டிருக்கிறார். சட்ட வாசகத்தில் இடைவெளியைக் கண்டுபிடித்து ஒரு பெருநிறுவனத்தைப் பணியவைத்தவர், உறுதிமொழிப் பத்திரத்தில் இருந்த இடைவெளிகளைப் பார்க்கவில்லை. பதவி நீக்கத்தைத் தனி இயக்குநர்கள் தடுக்கலாம் என்று அதில் இருந்தது. செலவுத் தொகையை முடக்குவதையும், பணியாளர்களிடையே பிளவு உண்டாக்குவதையும், ஆசிரியரோடு பேசாமலே இருப்பதையும் எந்தப் பத்திரமும் தடுக்காது.

1982 மார்ச்சில், தந்தை இறந்து சில நாட்களே ஆகியிருந்த நிலையில், மர்டாக் அவரை விலகச் சொன்னார். ஒரு வாரம் மறுத்துவிட்டு 15ஆம் தேதி விலகினார். அலுவலகத்தில் எல்லோரும் அவர் பக்கம் இல்லை. கடைசி நிமிடம் வரை பக்கங்களை மாற்றுவது, பழைய பணியாளர்களை ஒதுக்குவது பற்றிய மனக்குறை டைம்ஸில் பலருக்கு இருந்தது. சண்டே டைம்ஸின் வாராந்திர வேகத்தை ஒரு நாளிதழுக்குள் திணிக்க அவர் முயன்றார் என்ற குற்றச்சாட்டில் பொருள் இருக்கிறது. அவருடைய துணையாக இருந்த சார்லஸ் டக்ளஸ்-ஹோம் அடுத்த ஆசிரியர் ஆனார். 1983ல் எவன்ஸ் எழுதிய ‘குட் டைம்ஸ், பேட் டைம்ஸ்’ இந்த ஓராண்டின் கதை. விறுவிறுப்பான நூல். ஆனால் தேதிகளும் உரையாடல்களும் துல்லியமாக இருக்கும் அந்நூலில், எதிர்த்தவர்களுக்கு நல்ல காரணம் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் அரிதாகவே தலைகாட்டுகிறது.

பாடநூல்கள்

இதழியல் மாணவர்களுக்கு எவன்ஸிடமிருந்து இன்றும் நேரடியாகப் பயன்படுவது 1970களில் வெளியான ஐந்து தொகுதிகள் கொண்ட ‘எடிட்டிங் அண்ட் டிசைன்’ வரிசை. ‘நியூஸ்மேன்ஸ் இங்கிலீஷ்’ என்ற முதல் தொகுதி, செய்தி வாக்கியத்தில் வினைச்சொல்லை எங்கே வைப்பது, எந்தப் பெயரடையை வெட்டுவது என்று பேசுகிறது. செய்திப் படங்களைப் பற்றிய ‘பிக்சர்ஸ் ஆன் எ பேஜ்’ இவற்றில் தலைசிறந்தது. ஒரே படத்தைப் பல விதமாக வெட்டிக் காட்டி, எது எதைச் சொல்கிறது என்று வாசகரின் கண்ணுக்கே விட்டுவிடுகிறார். அச்சுக்கோப்பு முறை மறைந்துவிட்டதால் சில தொகுதிகளில் பாதி பழசாகிவிட்டது. முதல் தொகுதியின் எடுத்துக்காட்டுகள் ஆங்கிலத்துக்கே உரியவை. தமிழில் செய்தி எழுதுபவர் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. படத்தொகுதிக்கு அந்தத் தடை இல்லை.

அமெரிக்காவில்

1981ல் பத்திரிகையாளர் டினா பிரவுனை மணந்த எவன்ஸ், பின்னர் அமெரிக்காவில் குடியேறி 1993ல் அந்நாட்டுக் குடிமகன் ஆனார். 1990 முதல் 1997 வரை ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தின் தலைவராக இருந்தார். ‘தி அமெரிக்கன் செஞ்சுரி’ (1998) போன்ற பெரிய வரலாற்று நூல்களை எழுதினார். செய்தித்தாள் ஒன்றுக்கு மீண்டும் ஆசிரியராகவில்லை.

2012 மார்ச்சில் மார்கரெட் தாட்சரின் ஆவணங்கள் சில பொதுவெளிக்கு வந்தன. டைம்ஸ் விற்பனைக்கு இருந்தபோது, 1981 ஜனவரி 4 அன்று, பிரதமரின் செக்கர்ஸ் மாளிகையில் மர்டாக் அவரோடு மதிய உணவு அருந்தி, தன் திட்டத்தை விளக்கியது அதில் பதிவாகியிருந்தது. அப்படி ஒரு சந்திப்பு நடந்தது அதுவரை வெளியே தெரியாது. இரண்டு மாதங்கள் கழித்து, பத்திரிகைகளின் நடத்தை பற்றி விசாரித்த லெவிசன் ஆணையத்தின் முன் 83 வயது எவன்ஸ் சாட்சியம் அளித்து, 1981ன் உறுதிமொழிகளைப் பற்றி விவரித்தார். தன்னை வீழ்த்திய விற்பனையின் ஆவணம் அவர் கைக்கு வர 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.